கேலிச்சித்திரமும் வீட்டு ஆங்கிலமும்

(சங்க மண்டபத்தில் இளைஞரும் பெரியோரும் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தேவாரம் ஓதித் தொடங்கிய கூட்டத்திலே கேலிச்சித்திரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பெரியோர் சிலர் முகம் சுளிக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகிறோம். ஆங்கிலத்தை எங்கள் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வருடம் படிக்கிறார்கள். படித்து முடிந்த பின்பு, வீட்டுக்கு வந்த ஒருவரிடம் "குழாய் சொட்டுகிறது, வாளியை வைத்திருக்கிறோம், கால் வழுக்கும், பார்த்து வாருங்கள்" என்று ஆங்கிலத்திற் சொல்லச் சொன்னால் வாயடைத்து நிற்கிறார்கள். இந்த வாயடைப்புக்கு ஒரு சிறு மருந்து உண்டு என்பதே இன்றைய பேச்சு.

முதலிலே எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்ப்போம். இருப்பது கதிரை, முன்னால் மேசை, காற்று வருவது யன்னலால், சட்டை இருப்பது அலமாரியில், சமையல் குசினியில், காலையில் பாண். இத்தனையும் பறங்கியர் விட்டுப்போன சொற்கள். அவர்கள் யாழ்ப்பாணத்தை ஆண்டது 1619 முதல் 1658 வரை, நாற்பது வருடங்கூட இல்லை. பின்வந்த ஒல்லாந்தர் கந்தோரையும், சபையிலே சொல்லக் கூசினாலும் சொல்லத்தான் வேண்டும், கக்கூசையும் தந்துவிட்டுப் போனார்கள். ஆங்கிலேயரோ 1795இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1948 வரை இருந்தார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இருந்தும் அவர்களுடைய மொழி எங்கள் குசினிக்குள் எவ்வளவு நுழைந்தது? லைற், சுவிச், பைப், குக்கர் என்று பொருள்களின் பெயர்கள் வந்தன. வினைச்சொற்கள் வரவில்லை. வினைக்கு நாங்கள் "பண்ணு" ஒன்றையே வைத்துக்கொண்டு "ஓஃப் பண்ணு", "ஓன் பண்ணு", "கிளீன் பண்ணு" என்று காலத்தை ஓட்டுகிறோம்.

இதற்குக் காரணம் விளங்காததல்ல. பறங்கியரின் சொல் சந்தையாலும் சமையலாலும் வந்தது. ஆங்கிலம் பள்ளிக்கூடத்தாலும் கந்தோராலும் வந்தது. லிகிதர் உத்தியோகத்துக்கு வேண்டிய ஆங்கிலம் எதுவோ அதையே எங்கள் முன்னோர் படித்தார்கள், வெகு திறமாகவும் படித்தார்கள். "தங்கள் மிகக் கீழ்ப்படிவுள்ள ஊழியன்" என்று முடியும் விண்ணப்பத்தை ஒரு பிழையுமின்றி எழுதக்கூடியவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய வீட்டிலே கிணறும் துலாவும் இருந்தன, குழாய் இருக்கவில்லை. விளக்கு எண்ணெயில் எரிந்தது, பியூஸ் இருக்கவில்லை. குழாய் கெட்டதை ஆங்கிலத்திற் சொல்லவேண்டிய தேவை அவர்களுக்கு வாழ்நாளில் ஒருநாளும் வரவில்லை. தேவை வந்தது பிறகு. படிப்போ பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கிறது.

"எங்கள் ஊரிலே குழாய் திருத்துபவர் தமிழர், அவரோடு ஆங்கிலம் ஏன்?" என்று கேட்பீர்கள். அவரோடு வேண்டாம். ஆனால் எத்தனை வீட்டிலே பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள்? தாயையும் தகப்பனையும் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள். பகலிலே பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின், பூட்டிய வீட்டுக்குள் அந்தத் தாய் தனியே இருக்கிறாள். சுவரில் உள்ள புகையறியும் கருவி அலறுகிறது, அல்லது அடுப்பில் எரிவாயு மணக்கிறது. தொலைபேசியில் இரண்டு வசனம் சொல்லவேண்டும். "புகை வருகிறது, நெருப்பு இல்லை." "வாயு மணக்கிறது, அடுப்பை நிறுத்திவிட்டேன்." அவ்வளவுதான். இலக்கணம் பிழைத்தால் ஒருவரும் புள்ளி குறைக்கப்போவதில்லை, ஆனால் சொல்லே வராமற்போனால்? இளைஞரின் நிலை வேறு. ஹோட்டலில் வேலை பார்ப்பவனுக்கும், தாதியாகப் போகிறவளுக்கும், கொழும்பில் அறையெடுத்து இருப்பவனுக்கும் நாளாந்தம் வேண்டியது இந்த ஆங்கிலமே. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் "கடுவ" என்பார்கள். வாள் என்று பொருள். வாள் எப்போதும் மற்றவன் கையில் இருக்கிறது என்ற பயம் அந்தச் சொல்லுக்குள் கிடக்கிறது. எங்கள் பிள்ளைகளிடமும் அதே பயம் இருக்கிறது, அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை என்பதே வித்தியாசம்.

இனிக் கேலிச்சித்திரத்துக்கு வருவோம். படத்தைக் காட்டி மொழி படிப்பிப்பது புதிய விளையாட்டன்று. மொராவியா நாட்டவரான கொமேனியஸ் என்னும் ஆசிரியர் பிள்ளைகளுக்கு இலத்தீன் படிப்பிக்க ஒரு படப்புத்தகம் செய்து 1658இல் நூரம்பேர்க் நகரில் வெளியிட்டார். வீடு, சமையல், தையல், தோட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், படத்திலுள்ள பொருள்களுக்கு இலக்கம், இலக்கத்துக்கு நேரே சொல். ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த அதே வருடம் அது. அடுத்த வருடமே ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. பிள்ளைப் படப்புத்தகங்களுக்கெல்லாம் அதை மூதாதை என்பார்கள்.

ஆனால் கொமேனியசின் படத்திலே ஒன்றும் கெட்டுப்போவதில்லை. அடுப்பு அடுப்பாக இருக்கிறது, வாளி வாளியாக இருக்கிறது. அதனால் அது பெயர்ச்சொல்லை நன்றாகப் படிப்பிக்கும். கேலிச்சித்திரத்தில் எல்லாம் கெட்டுப்போகும். குழாய் வெடிக்கும், கறி கருகும், கதவு இறுகும், சீனி முடியும். கெட்டுப்போகும்போதுதான் வினைச்சொல் பிறக்கிறது. எங்களுக்கு வராதது வினைச்சொல் என்று முன்னே சொன்னோம் அல்லவா?

உதாரணத்துக்கு "புளொண்டி" என்ற அமெரிக்கப் படத்தொடரை எடுத்துக்கொள்வோம். சிக் யங் என்ற சித்திரக்காரர் 1930ஆம் ஆண்டு செப்டெம்பரில் இதைத் தொடங்கினார். 1973இல் அவர் காலமான பின் மகன் டீன் யங் தொடர்ந்தார். கதாநாயகன் டாக்வூட் பெரிய பணக்காரரின் மகன். புளொண்டியைக் கலியாணம் செய்ததால் தகப்பன் சொத்தில்லை என்று கைவிட்டார், 1933இல். இது எங்களூர்க் கதை போலவே இருக்கிறது என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்று தொடக்கம் அவன் ஒரு சாதாரண சம்பளக்காரன். காலையில் பிந்தி எழும்பி ஓடும்போது தபாற்காரருடன் மோதுகிறான். குளிக்கும் தொட்டியில் இருக்கையில் யாராவது வந்து தொந்தரவு செய்கிறார்கள். ஆட்கூலி மிச்சம் பிடிக்கலாம் என்று தானே குழாயைத் திருத்தப்போய் வீட்டை வெள்ளக்காடாக்குகிறான். நடுச்சாமத்தில் எழும்பிப் பாணுக்கு மேல் பாண் அடுக்கித் தின்கிறான். அந்த அடுக்குப் பாணுக்கு அவன் பெயரே வைக்கப்பட்டு ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. பெரிய வீரச்செயல் ஒன்றும் அவன் செய்வதில்லை. அவனுடைய எதிரிகள் குழாயும் கதவும் மாதக் கணக்கும். ஆகையால் அவன் பேசுவதெல்லாம் வீட்டுப் பேச்சு.

அயல்வீட்டு ஹேர்ப் என்பவன் டாக்வூட்டின் ஆயுதங்களை இரவல் வாங்கிப் போவான், திருப்பிக் கொடுக்கமாட்டான். இந்த ஒரு பகிடியே எத்தனை படத்துக்கு உதவியிருக்கிறது! ஆங்கிலத்தில் இரவல் வாங்குவது "பொறோ", இரவல் கொடுப்பது "லெண்ட்". எங்களுக்கோ இரண்டுக்கும் "இரவல்" என்ற ஒரே சொல் முன்னே நிற்பதால் பிள்ளைகள் மாறிமாறிச் சொல்வார்கள். "உங்கள் அலவாங்கை நான் லெண்ட் பண்ணலாமா?" என்று அயலவனிடமே கேட்பார்கள். பாடப்புத்தகத்திலே இந்த வித்தியாசத்தை ஐந்து வரியில் விளக்கியிருக்கும், ஆறாம் நாள் மறந்துபோகும். படத்திலே கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்தால் போதும். நீண்ட கை "பொறோ". கொடுத்துவிட்டுக் கவலையோடு பார்த்துக்கொண்டு நிற்கும் முகம் "லெண்ட்".

தண்ணீர்த் தொந்தரவுகளைத் தனியாகச் சொல்லவேண்டும். நாங்கள் "பைப்பைப் பூட்டு" என்கிறோம். ஆங்கிலத்தில் "பைப்" என்பது சுவருக்குள்ளும் நிலத்துக்குக் கீழும் ஓடும் குழல். நாங்கள் கையாலே திருகும் வாய்க்குப் பெயர் "ரப்". அமெரிக்கர் அதை "போசற்" என்பர். பைப் உடைந்துவிட்டது என்று இலண்டனில் ஒருவன் சொன்னால், வருகிறவர் சுவரை இடிக்கும் ஆயத்தத்தோடு வருவார். போகட்டும். தமிழிலே எங்களுக்கு எத்தனை அருமையான சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள். கூரை ஒழுகும், சுவர் கசியும், குழாய் சொட்டும், தொட்டி நிரம்பி வழியும், குழல் வெடித்தால் தண்ணீர் பீறிடும். ஐந்தும் ஐந்து விதம். ஆங்கிலத்திலும் அதேபோல ஒழுகுவது "லீக்", கசிவது "சீப்", சொட்டுவது "டிறிப்", வழிவது "ஓவர்புளோ", வெடிப்பது "பேர்ஸ்ட்". இரண்டு மொழியும் இந்த விஷயத்தில் ஏறக்குறையக் கைகோர்த்து நிற்கின்றன. ஆனால் எங்கள் பிள்ளை இவ்வளவையும் விட்டு "வோட்டர் இஸ் கமிங்" என்று சொல்லும். தண்ணீர் வருகிறது! வந்தால் நல்லதுதானே என்று கேட்பவர் நினைப்பார். சித்திரக்காரர் சொட்டுவதை மூன்று துளியாலும், வழிவதைத் தொட்டியின் விளிம்பில் ஒரு வளைகோட்டாலும், வெடிப்பதைக் கூரை தொடும் ஊற்றாலும் காட்டிவிடுகிறார். சொல் அந்தக் கோட்டோடு ஒட்டிக்கொண்டு மனத்தில் இருந்துவிடுகிறது.

வீட்டு ஆங்கிலத்தின் மற்றொரு இரகசியம், அது சின்னஞ்சிறு சொற்களால் ஆனது என்பது. கந்தோர் ஆங்கிலத்தில் நெருப்பை அணைப்பதற்கு மூன்று அசையில் ஒரு பெரிய இலத்தீன் சொல் உண்டு. வீட்டிலே "புட் அவுட்" என்பார்கள். லைற்றை நூர்ப்பதும் குழாயைப் பூட்டுவதும் "ரேண் ஓஃப்", கைபிடி கழன்றால் "கேம் ஓஃப்", வாகனம் வழியில் நின்றுவிட்டால் "பிறேக் டவுண்". "புட்", "ரேண்", "கம்", "ரன்" முதலியவற்றை இரண்டாம் மூன்றாம் வகுப்பிலேயே படித்து முடித்துவிட்டோம் என்று நினைக்கிறோம். அவற்றுக்குப் பின்னால் ஓர் ஒட்டு வந்து நின்றவுடன் ஆளே மாறிவிடுகிறது. "ரன்" என்றால் ஓடு. குழாய் திறந்துகிடந்தாலும் "ரன்", துவைக்கும்போது சேலையின் சாயம் கலைந்து ஓடினாலும் "ரன்", மூக்கால் ஓடினாலும் "ரன்". மூக்கு விஷயத்தில் இரண்டு மொழிக்கும் கருத்து வேற்றுமை இல்லை. சீனி முடிந்துபோனால் "ரன் அவுட்". எங்கள் இளைஞருக்கு "ரன் அவுட்" என்றால் கிரிக்கெட் மைதானம் ஒன்றே நினைவுக்கு வரும். சீனி எப்படி ஆட்டமிழந்தது என்று திகைப்பார்கள். படத்திலே ஒரு பெண் வெறும் ரின்னைக் கவிழ்த்துத் தட்டுகிறாள், கணவன் கையில் வெறும் கோப்பையோடு அயல்வீட்டுப் படலையில் நிற்கிறான். இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஓசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதவு கிரீச்சிடுகிறது, யன்னல் கடகடக்கிறது, அடுப்பு உஸ் என்கிறது. இரட்டைக்கிளவியைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் எடுத்துப் பேசுகிறார் என்றால், ஓசைச்சொல்லிலே எங்கள் மொழிக்கு உள்ள செல்வம் விளங்கும். கேலிச்சித்திரத்திலும் பெரிய எழுத்திலே ஓசைகள் பறக்கும். பெரும்பாலும் அந்த ஓசையே வினைச்சொல்லாகவும் இருக்கும் என்பதைப் பிள்ளைகள் கவனிப்பதில்லை. "கிறீக்" என்பது கதவின் சத்தம், கதவு அப்படிச் சத்தமிடுவதும் அதே சொல். "டிறிப்", "ஹிஸ்", "ரற்றில்" எல்லாம் அப்படியே. சலசலப்பு என்பதிலிருந்து சலசலக்கிறது என்று நாங்கள் ஆக்கிக்கொள்வதைப் போலத்தான். இலக்கண வகுப்பிலே தூங்கும் பிள்ளைகூட இதைக் காதாலே படித்துவிடும்.

இன்னும் ஒன்று. பேசுகிறவன் வாயிலிருந்து கிளம்பும் அந்தக் குமிழுக்குள் சில சொற்கள் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். அது அலங்காரத்துக்காக அன்று. அந்த இடத்திலே குரல் அழுந்தவேண்டும். பீங்கான் ஒன்று உடைந்து கிடக்கிறது. பிள்ளை சொல்கிறான்: "ஐ டிட் நொற் பிறேக் இற்." "ஐ" தடித்திருந்தால், உடைத்தது தங்கச்சி என்று பொருள். "பிறேக்" தடித்திருந்தால், உடைக்கவில்லை, தொட்டேன், அது தானே விழுந்தது என்று பொருள். தமிழில் "தான்", "ஏ", "ஆ" என்ற சிறு இடைச்சொற்கள் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் அழுத்தமே செய்கிறது. எங்களவர் ஆங்கிலத்தைத் தட்டையாக, எல்லாச் சொல்லையும் ஒரே நிறையில் வைத்துப் பேசுவதால்தான், சொல் சரியாக இருந்தும் வெள்ளைக்காரனுக்கு விளங்காமற்போகிறது. இந்த அழுத்தத்தை அச்சிலே கண்ணாற் காட்டும் எழுத்து, நாம் அறிந்த மட்டில், கேலிச்சித்திரத்தைப்போல வேறில்லை.

இப்போது பெரியோரின் ஆட்சேபத்துக்கு வருவோம். இந்தப் படங்களிலே எல்லாம் நல்லதா? இல்லை. பழைய படங்களில் மனைவி என்றால் மாவுருட்டும் கட்டையோடு வாசலில் காத்திருப்பவள், அல்லது கடையில் காசைக் கரைப்பவள். இங்கிலாந்தின் டெய்லி மிரர் பத்திரிகையில் 1957இல் றெஜ் ஸ்மைத் தொடங்கிய "அண்டி கப்" என்ற தொடரிலே, தொடக்க காலத்தில், குடித்துவிட்டு வந்து பெண்சாதிக்கு அடிப்பதுகூடப் பகிடியாக வரையப்பட்டது. பின்னாளில் அதை நீக்கிவிட்டார்கள். எந்தப் படத்தைச் சுவரில் ஒட்டுவது என்று தெரிவுசெய்யும் பொறுப்பு சங்கத்துக்கு உண்டு. நாம் அதைப் பெண் அங்கத்தவர் கையிலே கொடுப்போம் என்றுதான் சொல்வோம். புளொண்டிகூட வீட்டுக்குள்ளேயே இருந்துவிடவில்லை. 1991இல் சொந்தமாக விருந்துச் சாப்பாட்டுத் தொழில் தொடங்கினாள். அது நடந்தபின் அந்தப் படத்தின் வீட்டுப் பேச்சும் மாறிற்று.

ஆங்கிலம் வந்தால் தமிழ் போய்விடும் என்ற அச்சத்துக்கு நாவலர் பெருமானைக் காட்டினாற் போதும். அவர் பேர்சிவல் பாதிரியாரின் பள்ளிக்கூடத்திலே ஆங்கிலம் கற்றவர், அங்கே கற்பித்தவர், பைபிள் மொழிபெயர்ப்புக்கும் உதவியவர். அதனால் அவருடைய சைவமும் தமிழும் குறைந்தனவா என்பதை இந்தச் சபைக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

எங்களிடமும் சரக்கு இல்லாமலில்லை. "சிரித்திரன்" ஆசிரியர் சிவஞானசுந்தரம் அவர்கள் வரைந்த சவாரித்தம்பரைப் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் வேலி, எங்கள் படலை, எங்கள் வாய். பழைய சிரித்திரன் இதழ்கள் யாரிடமாவது இருந்தால் சங்கத்துக்கு ஒருநாள் இரவல் தரவேண்டும். "லெண்ட்" என்று முன்னே சொன்னோமே, அது. திருப்பித் தருவோம். அந்தப் படங்களின் தமிழ்ப் பேச்சை வெள்ளைக் கடதாசியால் மறைத்து, ஆங்கிலத்தில் அவர் என்ன சொல்வார் என்று இளைஞர் எழுதிப் பார்க்கவேண்டும். அமெரிக்கக் குடும்பத்தின் பகிடியை விளங்கிக்கொள்வது முதற்படி. எங்கள் வீட்டுப் பகிடியை ஆங்கிலத்திற் சொல்லத் தெரிவது அடுத்த படி, அது கடினமான படியும்.

செய்முறை இலகு. ஒரு படத்தைச் சுவரில் ஒட்டவேண்டும். முதலில் என்ன நடந்திருக்கிறது என்று தமிழிலே சொல்லவேண்டும். இங்கேதான் பெரியோரின் உதவி எமக்கு வேண்டும். கசிவதற்கும் ஒழுகுவதற்கும் வித்தியாசம் இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. துலாக் காலத்திலே தண்ணீரோடு பழகிய நீங்கள் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தால், அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லை நாங்கள் தேடிக்கொள்வோம். பிறகு குமிழை வாசித்து, அதை மறைத்து, ஆளுக்கொரு பாத்திரமாக நின்று பேசவேண்டும். கடைசிக் கட்டத்தில் ஒருவருக்குச் சிரிப்பு வந்தால் அவருக்கு விளங்கிவிட்டது, வேறு சோதனை வேண்டாம். சிரிப்பு வராதவர் கையை உயர்த்திக் கேட்கவேண்டும். கேட்பவரைப் பார்த்துச் சிரிப்பது மாத்திரம் இந்த வகுப்பிலே தடைசெய்யப்படும்.

வருகிற சனிக்கிழமை மாலை வாசகசாலையில் தொடங்குகிறோம். கத்தரிக்கோலும் பசையும் அங்கே இருக்கின்றன. பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைக் கட்டிவைத்திருப்பவர்கள் கொண்டுவந்து தாருங்கள். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளிடம் போகவிருக்கும் தாய்மார், வயதைப் பாராமல் முன்வாங்கில் வந்து இருக்கவேண்டும். முதல்நாட் படம் சொட்டுகிற குழாய்.